சல்லடை பாய் நெட்டு சலித்த கதை

போடிநாயக்கனூரில் சல்லடை பாய் சலித்துப் பார்க்காத பொருள் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. காற்று. ஓர் ஐப்பசி மாதம் என் அறை ஜன்னலில் நின்றுகொண்டு அதையும் சலித்துவிட்டார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் வீட்டு மாடியில் வருஷக்கணக்கில் குடியிருந்தும் தெரியாது. கல்யாணப் பத்திரிகைகளிலேயே 'சல்லடை பாய் குடும்பத்தார்' என்றுதான் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஏலக்காய் வியாபாரம். மலையிலிருந்து ஜீப்பில் இறங்குகிற காயை வாங்கி, இரும்புச் சல்லடையில் போட்டு ஆட்டுவார்கள். சின்னக் காய் துளை வழியாகக் கீழே விழும், பெரிய காய் மேலே நிற்கும். எட்டு மில்லிமீட்டர் துளையில் விழாமல் நிற்கிற காய்தான் ராஜா. 'எட்டு எம்.எம்.' என்று சொல்லும்போதே பாய் குரலில் ஒரு மரியாதை ஏறிவிடும்.

இதைக் காயோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. டாக்டர், புரோட்டா, பஸ் டிரைவர், சம்பந்தி என்று உலகத்தில் உள்ள அத்தனைக்கும் பாய் ஓர் எம்.எம். வைத்திருந்தார். "குரங்கணி ரோட்டுல ஜீப்பு ஓட்டுறதுல அவன் ஒருத்தன்தான் எட்டு. மத்ததெல்லாம் உடைசல்" என்பார். ஏதாவது யோசனை வந்துவிட்டால் போதும், இரண்டு கையும் தானாக முன்னால் நீண்டு, இல்லாத சல்லடையை ஆட்ட ஆரம்பித்துவிடும். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கிளாசைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார்கள்.

நான் வீடு கேட்டுப் போனபோதும் அந்தக் கைகள் ஆடின.

"என்ன சோலி பாக்குற தம்பி?"

"கம்ப்யூட்டர் சோலி பாய். சென்னைக் கம்பெனி. வீட்ல இருந்தே பாக்கலாம்."

"சொந்த ஊரு?"

"தேவாரம்."

"அங்கன இருந்தே பாக்க வேண்டியதுதான?"

"யானை வந்து கேபிளை மிதிச்சிருது பாய். சொன்னா மேனேஜரு நம்ப மாட்டேங்குறாரு."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த தன் மனைவி ஜமீலாம்மாவிடம் திரும்பிச் சொன்னார்: "ஏழு எம்.எம். கொஞ்சம் வாடல்தான். மாடியில போட்டு வைப்போம்."

அன்று சாயங்காலமே குடிபோனேன். ஒரு வாரத்தில் என் பெயரில் நெட் இணைப்பும் வந்தது. தெருவைப் பார்த்த மாடி ஜன்னலில் ரூட்டர் உட்கார்ந்துகொண்டு பச்சைப் பச்சையாகக் கண் சிமிட்டியது. என் வாழ்க்கை சீராகிவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், பாயின் குடோன். தடித்த கல் சுவர், தகரக் கூரை, தெருவைப் பார்த்து ஒரே ஜன்னல். சல்லடை அளவைத்தான் பிரிக்கும். வெளுத்த காய், வாய் வெடித்த காய், பூச்சி அரித்த காய் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக் கையால்தான் பொறுக்க வேண்டும். அதற்குச் சிலமலையிலிருந்து காலை பஸ்சில் பெண்கள் வருவார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி பேச்சியக்கா. காய் பொறுக்குவதில் பாய் எட்டு எம்.எம். கொடுத்த ஒரே ஆள். அக்கா பேசிக்கொண்டே இருப்பார், விரல்கள் பாட்டுக்கு வேலை செய்யும். அவர் கை பட்ட குவியலில் பாய் மறுபடி கை வைத்துப் பார்க்க மாட்டார்.

அந்தப் பேச்சியக்கா ஒருநாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பாய் முன்னால் வந்து நின்றார். நானும் அப்போது அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"பாய், அடுத்த வாரத்துல இருந்து மேலத்தெரு குடோனுக்குப் போயிறலாம்னு இருக்கேன்."

பாய்க்கு டீ புரையேறிவிட்டது. "கூலி பத்தலையா ஆத்தா?"

"கூலிக்கு ஒரு கொறையும் இல்ல. வனிதா நெலமை ஒங்களுக்குத் தெரியும்ல. அவ வீட்டுக்காரரு வேலைக்குப் போயிட்டா, மஸ்கட்டுல தனியாக் கெடந்து மத்தியானமெல்லாம் அழுகுறா. போன் அடிச்சா இந்தக் கல்லுக்குள்ள எங்க கேக்குது? மேலத்தெருவுல நெட்டு வச்சிருக்காக. மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டே காயும் பொறுக்கலாமாம்."

வனிதா, பேச்சியக்காவின் ஒரே மகள். தலைப்பிரசவம். நியாயமாக ஏழாம் மாதமே வளையல் அடுக்கிச் சிலமலைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். உடம்பு சரியில்லை, விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவிடமோ பாஸ்போர்ட் கிடையாது. தேனியைத் தாண்டியதே மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான். மகள் பெறப்போவது அயல்நாட்டில், தாய் உட்கார்ந்திருப்பது சிக்னல் நுழையாத குடோனில். அக்கா கேட்டதில் தப்பே இல்லை.

ஆனால் பேச்சியக்கா போனால் அதே பஸ்சில் வருகிற அத்தனை பேரும் போவார்கள். பாய் அன்று மதியம் சாப்பிடவில்லை என்று ஜமீலாம்மா சொன்னார். சாயங்காலம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

"தம்பி, ஒன் நெட்டக் கொஞ்சம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளணுமே."

முதலில் ஒயர் இழுத்தோம். ஜன்னலிலிருந்து குடோன் வரை தெருவுக்குக் குறுக்கே அழகாகத் தொங்கியது. மறுநாள் காலை கூரை மேல் சாமான் ஏற்றிய ஜீப்பு ஒன்று அந்த வழியாகப் போனது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் இருந்த ரூட்டர் திடீரென்று எழுந்து தெருவை நோக்கி ஓடியது. பாய்ந்து பிடித்தேன். ரூட்டர் தப்பியது, ஒயர் ஜீப்போடு மலையேறிக் குரங்கணிக்குப் போய்விட்டது. சாயங்காலம் ஜீப்பு இறங்கி வந்தபோது பாய் மறித்துக் கேட்டார். டிரைவர் ரொம்பச் சந்தோஷமாகப் பதில் சொன்னார்: "லோடு கட்டக் கயிறு குடுத்தீகன்னுல நெனச்சேன். நல்ல கயிறு பாய்."

சொல்ல மறந்துவிட்டேன், அந்த எட்டு எம்.எம். டிரைவர் இவர்தான்.

"ஒயர் வேணாம். காத்துலயே அனுப்பு" என்று பாய் முடிவு செய்தார். கம்ப்யூட்டர் கடையில் ஒரு சின்ன டப்பா விற்கிறார்கள். இங்கே இருந்து வருகிற சிக்னலை வாங்கி, அந்தப் பக்கம் திருப்பிக் கொடுக்கும். அதை வாங்கிக் குடோன் ஜன்னலில் வைத்தோம். நெட் போனது. ஆனால் காய்ச்சல்காரன் நடக்கிற மாதிரி, நாலடி வைத்து உட்கார்ந்து, நாலடி வைத்து உட்கார்ந்து போனது. வனிதா முகம் ஒரு தடவை வந்து அப்படியே நின்றுவிட்டது. அழுகிற முகம். அதையே பார்த்துக்கொண்டு பேச்சியக்கா பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நான் ஆபீஸ் மீட்டிங்கில் முக்கியமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது திரை உறைந்தது. திரும்பிப் பார்த்தால், ஜன்னலில் ரூட்டருக்கு முன்னால் பெரிய வட்டச் சல்லடையைப் பிடித்துக்கொண்டு பாய் நிற்கிறார். லேசாக ஆட்டிக்கொண்டும் இருக்கிறார்.

"பாய், என்ன செய்றீங்க?"

"காத்துல என்னென்னமோ கலந்து கெடக்கு தம்பி. டீக்கடை ரேடியோ, எதுத்த வீட்டு டிவி, ஊரு ஒலகத்துப் போன் பேச்சு. இம்புட்டும் ஒன் நெட்டோட கலந்து போனா அங்கன என்னத்துக்கு ஆகும்? சலிச்சு அனுப்பணும். பொடியெல்லாம் கீழ விழுந்துரும்."

"அது அலை பாய். குறுக்க இரும்பு நின்னா போகாது."

"இரும்பா நிக்குது? ஓட்டைதான நெறைய இருக்கு."

"அந்த ஓட்டை பத்தாது. இந்த அலை நூறு எம்.எம்.முக்கும் மேல."

பாய் சல்லடையை ஆட்டுவதை நிறுத்தினார். நூறு எம்.எம். காய் ஒன்றை மனசில் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். "பொய் சொல்ற" என்றார்.

எட்டை எடுத்துவிட்டு ஏழு வைத்தார். ஏழை எடுத்துவிட்டு ஆறு வைத்தார். காலையும் மாலையும் கீழிருந்து வந்து, ரூட்டருக்கு முன்னால் நின்று பக்தியாக ஆட்டிவிட்டுப் போனார். என் மேனேஜர் போனில் கூப்பிட்டு, திரையில் நான் வாயைப் பிளந்தபடி கால் மணி நேரம் இருந்ததாகச் சொன்னார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. வேறு வீடு பார்க்கலாம் என்று தரகரிடம்கூடச் சொல்லி வைத்துவிட்டேன்.

கடைசியில் பிரச்சினையைத் தீர்த்தது ஜமீலாம்மா.

"மோர்மொளகா காயப்போட ஒரு சல்லடை கெடைக்கல. எல்லாம் இங்க வந்து காத்து வாங்குதா?" என்று கேட்டுக்கொண்டே மேலே வந்தார். பாய் கையிலிருந்ததைப் பிடுங்கினார். மிளகாயைப் பரப்பினார், உருண்டு விழாமல் ஒரு வெள்ளைத் துணியை மேலே இழுத்துக் கட்டினார். ஜன்னல் வெயில் படட்டும் என்று ரூட்டருக்குப் பின்னால், அறைப் பக்கம், ஸ்டூலில் சாய்த்து வைத்தார். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எதிர்க் குடோனிலிருந்து பேச்சியக்கா குரல்:

"பாய், படம் ஓடுது. வனிதா பேசுறா."

விஷயம் எளிமையானது. என் அறைக்குள் வீணாகப் பரவிக்கொண்டிருந்த அலை, பின்னால் நின்ற இரும்பில் மோதித் தெருப் பக்கம் திரும்பிவிட்டது. முன்னால் நின்றபோது மறித்த அதே சல்லடை, பின்னால் போனதும் தள்ளிவிட்டது. நான் இதைப் பொறுமையாக விளக்கினேன். பாய் அதைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, சல்லடை நேத்தும் இருந்துச்சு, நெட்டு வரல. மொளகா இன்னைக்குத்தான் வந்துச்சு, நெட்டும் வந்துருச்சு. படிச்ச புள்ள, நீயே சொல்லு."

அன்றிலிருந்து அந்தச் சல்லடையில் மிளகாய் இல்லாமல் இருக்க பாய் விட்டதில்லை. காய்ந்ததை எடுத்தால் உடனே புது மிளகாய் வாங்கி வந்து மோரில் ஊறப்போடச் சொல்வார். அந்த வீட்டில் இட்லிக்கு மோர்மிளகாய், பிரியாணிக்கு மோர்மிளகாய். எனக்கும் மாடிக்கு டப்பா டப்பாவாக வரும். குடோன் ஜன்னல் டப்பாவுக்குப் பின்னாலும் இன்னொரு சல்லடை, அதிலும் மிளகாய்.

பேச்சியக்கா மேலத்தெருவுக்குப் போகவில்லை. மத்தியானமானால் ஜன்னலோரம் ஒரு மூட்டையில் போனைச் சாய்த்து வைப்பார். வனிதா வருவாள். இந்தப் பக்கம் அத்தனை பெண்களும் பொறுக்கிக்கொண்டே அவளுக்கு வைத்தியம் சொல்வார்கள். ஒருத்தி சீரகத் தண்ணீர் குடிக்கச் சொல்வாள், இன்னொருத்தி குடிக்கவே கூடாது என்பாள். அவர்கள் போடுகிற சண்டையில் வனிதா சிரித்துவிடுவாள். மகள் சிரிக்கிற சத்தம் கேட்டால்தான் அக்காவின் விரல்கள் கொஞ்சம் வேகம் பிடிக்கும்.

பாய் ஒரே ஒரு சட்டம் போட்டார். வனிதா வந்துவிட்டால் வேறு யாரும் நெட்டைத் தொடக் கூடாது. சீரியல் பார்ப்பவர்கள் போனை மடியில் வைத்துவிட வேண்டும். சட்டம் எனக்கும் உண்டு. தெருவில் நின்று, "தம்பி, மஸ்கட்டு வந்துருச்சு, நிப்பாட்டு" என்பார். நெட் என்னுடையது, வேலை என்னுடையது, திட்டு வாங்குவதும் நான். முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துவேன்.

தூறல் விழுந்த ஒரு பகலில் வனிதாவுக்கு வலி எடுத்தது. மருமகன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். உள்ளே விடவில்லை, கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன் என்று மூடிய கதவைக் காட்டினார். பேச்சியக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கென்று பாயின் பெரிய லோடு ஒன்று ஏற வேண்டியிருந்தது. எல்லாம் எட்டு எம்.எம்., எங்கேயோ வடநாட்டுக்குப் போகிற சரக்கு. மழைக்கு ஒதுக்கமாக இருக்கட்டும் என்று லாரி டிரைவர் வண்டியைக் குடோன் ஜன்னலை ஒட்டி நிறுத்தினார். மூட்டைகள் ஏற ஏற, என் ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவில் ஒரு சுவரே எழும்பிவிட்டது. மஸ்கட் கதவு திரையில் அப்படியே உறைந்தது.

நான் இறங்கி ஓடினேன். "அக்கா, என் ரூமுக்கு வந்துருங்க. அங்க நல்லாக் கெடைக்கும்."

பேச்சியக்கா அசையவில்லை. "எந்திரிச்சா கட்டாயிரும் தம்பி" என்றார். இரண்டு கையும் போனையே பிடித்திருந்தன. என்ன பேச்சு நடந்தாலும் காய் பொறுக்குவதை நிறுத்தாத கை.

பாயின் குடோனில் இன்னொரு சட்டமும் உண்டு. முதல் மூட்டை ஏறிவிட்டால், லோடு முடிகிறவரை லாரி ஓரடி நகரக் கூடாது. நகர்ந்தால் வியாபாரம் விளங்காது என்பது அவர் நம்பிக்கை. அதற்காக ஒருமுறை பஸ்சையே சுற்றிப் போகச் சொன்னவர். அவர் வாசலில் நின்று அக்காவின் கையைப் பார்த்தார். மேலே பாதி ஏறிய மூட்டைகளைப் பார்த்தார். கைகள் இரண்டும் முன்னால் நீண்டன. நீண்டவை ஆடவில்லை.

"வண்டிய எடு."

டிரைவர் நம்பவில்லை. "பாய், தார்ப்பாய்கூடப் போடல. தூறுது. காய் நனைஞ்சிரும்."

"நனைஞ்சா காயும். எடு வெரசா."

லாரி நகர்ந்தது. அதோடு விடவில்லை பாய். நடுரோட்டில் இறங்கி இரண்டு பக்கமும் கையை விரித்து நின்றுவிட்டார். அந்தப் பக்கம் ஒரு ஜீப்பு, இந்தப் பக்கம் ஒரு மினிபஸ்.

"ஒருத்தரும் குறுக்க வராதீங்க. கொழந்த வருது."

மினிபஸ் கண்டக்டர் தலையை நீட்டி, எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று தெருவின் இரண்டு முனையையும் பார்த்தார். பாய் தலைக்கு மேலே காற்றைக் காட்டினார். விஷயம் வாய்க்கு வாய் பரவியது. ஹாரன் அடிக்க நினைத்தவர்கள்கூட அடிக்கவில்லை. அவசரமாகத் தெருவைத் தாண்ட வேண்டிய ஒரு பெரியவர், என் ஜன்னலையும் குடோன் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதுகை நன்றாக வளைத்துக் குனிந்து கடந்து போனார். பின்னால் வந்தவர்களும் அப்படியே குனிந்து போனார்கள். குடை பிடித்திருந்த ஒரு அம்மாள் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே போனார். ரூட்டரைப் பார்த்துவர மாடிக்கு ஓடிய ஏழு எம்.எம். ஆளாகிய நானும், போகும்போதும் திரும்பும்போதும் குனிந்துதான் தெருவைத் தாண்டினேன். நெட் எந்த உயரத்தில் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் நிமிர மனசு வரவில்லை.

குடோனுக்குள் முதலில் மஸ்கட் கதவு அசைந்தது. அது திறந்தது. பிறகு ஒரு அழுகை. பெண் குழந்தை. அதன்பின் களைத்துப்போன வனிதாவின் முகம், "அம்மா" என்றது. பேச்சியக்கா திரையில் கன்னத்தை வைத்துக்கொண்டார். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் குலவையிட, தெருவில் நின்ற மினிபஸ்சுக்குள்ளிருந்தும் யாரோ குலவையிட்டார்கள். பாய் ரோட்டை விட்டு நகர்ந்து, லோடுமேன்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? சோலியப் பாருங்க" என்று சத்தம் போட்டார். முகத்தைத் துண்டால் நன்றாகத் துடைத்துக்கொண்டார். மழை அப்போது நின்றிருந்தது.

நனைந்த மூட்டைகளை இறக்கிப் பிரித்து மறுபடி காயப்போட்டார்கள். அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் மத்தியான நேரத்துத் திரையில் இப்போது வேறு காட்சி. வனிதா தனியாகக் குழந்தையைக் குளிப்பாட்டப் பயந்து, நனைந்த கையோடு உட்கார்ந்திருப்பாள். இங்கிருந்து எல்லாரும், "காலை நீட்டி அதுல போடு, கழுத்தப் பிடி, தண்ணி மூக்குல போகாமப் பாத்துக்க" என்று கத்துவார்கள். குழந்தை வீறிடும், வனிதாவும் சேர்ந்து அழுவாள். பேச்சியக்கா கை தானாக எழுந்து திரைக்கு முன்னால் வெறுங்காற்றில் தண்ணீர் ஊற்றும்.

ஒருநாள் வாசலில் நின்று இதைப் பார்த்த பாய் சொன்னார்:

"பேச்சி, போன்ல எம்புட்டு நாளைக்கு ஊத்துவ? பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு. மருமகன்கிட்ட நான் பேசுறேன்."

"நான் போயிட்டா இங்க யாரு பாய் பாக்குறது?"

"நாங்க பாத்துக்கிறோம் ஆத்தா. போய்ட்டு மெதுவா வா."

இந்த அம்மாள் மேலத்தெருவுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக என் ரூட்டரை அந்தப் பாடு படுத்திய மனிதர், கடல் தாண்டிப் போகச் சொல்லிவிட்டு, கீழே கிடந்த ஒரு காயை எடுத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தது. வீட்டுத் தரகருக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பேச்சியக்கா போன பிறகு ஜன்னலோரத்து இடத்தில் பாய் யாரையும் உட்கார விடவில்லை. மத்தியானமானால் அந்த இடத்தில் மூட்டை மேல் போனைச் சாய்த்து வைப்பார். மஸ்கட்டிலிருந்து பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அக்கா வருவார்.

"என்ன பேச்சி, இன்னைக்குத் தாமசம்?" என்பார் பாய், சிலமலை பஸ்சைத் தவற விட்டவரைக் கேட்பதுபோல.

"ராத்திரி பூராம் இவ தூங்க விடல பாய். அந்தக் காய்க் குமியைக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டச் சொல்லுங்க. வெளுத்தது நெறையாக் கெடக்கு."

யாரும் தெருவில் நின்று என்னை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நேரம் வந்தால் நானே லேப்டாப்பை மூடிவிடுவேன். என்ன ஆச்சு என்று மேனேஜர் கேட்டால், போடியில் நல்ல மழை, நெட் போய்விட்டது என்பேன். சித்திரை வெயிலிலும் அதையேதான் சொன்னேன்.